பம்பு கெட்டதா, காற்று புகுந்ததா?



கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சேற்றுழவு நேரம். பழைய டிராக்டர் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. "டீசல் பம்பு போச்சு" என்று உடனே சொல்லிவிடுவார்கள். பொறுங்கள்.

டேங்கு காலியாகி நின்ற வண்டியா? அப்படியானால் குழாயில் காற்று புகுந்திருக்கும். டீசல் அழுத்தினால் முன்னே பாயும். காற்று சுருங்கிக்கொள்ளும். அதனால் நாசில் திறக்காது.

ஃபில்டர் மேலுள்ள காற்றுத் திருகைச் சற்றே தளர்த்துங்கள். கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரை வரும். நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்கள். பம்பில் உள்ள திருகிலும் இப்படியே செய்யுங்கள். பாதிக்கு மேல் வண்டிகள் இதிலேயே கிளம்பிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் இதற்குக் காசு செலவில்லை. ஃபில்டர் அடைத்திருந்தால் மாற்றுங்கள்.

அதற்கும் கிளம்பாவிட்டால் பம்பு வேலை தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோங்கள். களத்து மேட்டில் பிரிக்காதீர்கள். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1927-இல் இந்தப் பம்பை விற்கத் தொடங்கியது. உள்ளே உருளைக்கும் உறைக்கும் உள்ள இடைவெளி தலைமுடியை விட மிகக் குறைவு. ஒரு மணல் போதும், கீறிவிடும்.

இன்னொன்று. நாசில் முன்னால் கையை நீட்டாதீர்கள். சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். முள் குத்தியது போலத்தான் தெரியும். வலி இல்லை என்று இருந்தால் விரலே போகலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "டீசல் பாய்ந்தது" என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.