பனிக்கடியிற் சென்ற திமிங்கிலங்கள்

அலாஸ்காவின் வடகோடியில், ஆர்க்டிக் சமுத்திரக் கரையோரம் வாழும் இனுப்பியாட் மக்களுக்குத் திமிங்கில வேட்டை பொழுதுபோக்கன்று, வாழ்வாகும். பயிர் விளையாத அந்நிலத்திலே, தோற்படகிற் சென்று பிடிக்கும் ஒரு திமிங்கிலம் ஊரார் அனைவருக்கும் பங்கிடப்படும் உணவு. வளைந்த வாயையுடைய அவ்வினத்தை வில்தலைத் திமிங்கிலம் என்பர்.

1848ஆம் ஆண்டில் தோமஸ் ரோய்ஸ் என்னும் அமெரிக்கக் கப்பற்றலைவர் பேரிங் நீரிணையைக் கடந்து அவ்வேட்டைக் களத்தை வணிகருக்குத் திறந்துவிட்டார். எண்ணெய்க்காகவும் வாய்த் தகடுகளுக்காகவும் ஆயிரமாயிரம் திமிங்கிலங்கள் மாண்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வணிகம் ஓய்ந்தபோது, எஞ்சியவை எத்தனை என்பதை அறிந்தார் எவருமிலர்.

1977இல், எஞ்சியவை 2,000க்கு மேற்படா எனக் கருதிய சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு, பூர்வகுடிகளின் வேட்டையையும் தடைசெய்தது. வணிகர் செய்த அழிவுக்குத் தாம் பட்டினி கிடப்பதா என அம்மக்கள் கலங்கினர். அவ்வாண்டே தமக்கெனச் சங்கமொன்று அமைத்து முறையிட்டனர். அதன் பயனாக, 1978இல் 12 திமிங்கிலங்களைப் பிடிக்க மாத்திரம் அனுமதி கிடைத்தது.

வேடர் கூறிய காரணம் தெளிவானது. பனிவிளிம்பில் நிற்பவர் கண்ணிற் படுபவை மாத்திரமே எண்ணப்பட்டன. தொலைவிலும் பனிக்கடியிலும் செல்பவை எண்ணப்படவில்லை. வில்தலைத் திமிங்கிலம் பனித்தட்டைத் தலையால் முட்டி உடைத்து மூச்சுவிடும் என்பதை அவர்கள் பரம்பரையாக அறிந்திருந்தனர்.

அக்கூற்றைச் சோதிக்க, 1980களில் நீரடி ஒலிவாங்கிகள் பனியோரமாக இறக்கப்பட்டன. ஒரே குரல் வெவ்வேறு கருவிகளை வந்தடையும் கால வேற்றுமையைக் கொண்டு திமிங்கிலம் இருக்குமிடம் கணிக்கப்பட்டது. கண்ணுக்குப் புலப்படாதவை செவிக்குப் புலப்பட்டன. வேடர் சொல் மெய்யாயிற்று. 2011ஆம் ஆண்டுக் கணிப்பின்படி அவற்றின் தொகை ஏறத்தாழ 17,000. அளவான வேட்டை நடந்துவந்த காலத்திலேயே அவ்வினம் ஆண்டுதோறும் நூற்றுக்கு நான்கு வீதமளவிற் பெருகியிருந்தது.

2018இல் ஆணைக்குழு, அலாஸ்காவினருக்கும் ரஷ்யாவின் சுக்கோத்கா பூர்வகுடிகளுக்கும் சேர்த்து, 2019 முதல் 2025 வரையான ஏழாண்டுகளுக்கு 392 திமிங்கிலங்களை வரம்பாக வகுத்தது. ஆண்டுக்குச் சராசரி 56 என்பது அத்தொகைக்கு மிகச் சிறிதே.

ஆயினும் எண்ணுதலை நிறுத்திவிட இயலாது. இருநூறாண்டு வாழவல்ல இவ்வுயிர் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையே கன்று ஈனும். அதனை அழித்தல் எளிது, மீட்டல் அரிது. அதன் உறைவிடமாகிய பனியோ ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறது. ஆதலால், கணக்கிடும் விஞ்ஞானியும் கடலறிந்த வேடனும் ஒருவர் சொல்லை மற்றவர் செவிமடுத்தல் இன்றும் இன்றியமையாதது. காணப்படாதது இல்லாததாகிவிடாது, இருப்பது குறையாதிருக்கும் என்பதற்கும் உறுதியில்லை.