பாரம் வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு

இன்று பட்டம் பெறும் தம்பி தங்கைகளே,

இறுதியாண்டு மாணவரிடம் "எப்போது ஊழியத்துக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டால் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம். "இன்னும் ஊழிய பாரம் வரவில்லை ஐயா." "சிங்களம் கொஞ்சம் சரளமாகட்டும்." "ஆண்டவர் உணர்த்தட்டும்." கேட்பதற்குப் பக்தியாகத்தான் இருக்கிறது. பாதி வேளை அது வெறும் பயம்.

நம் கண்டியில் ஊழியம் செய்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கத்தோலிக்கர், அதனால் நமக்கு ஆகாதவர் என்று யாரும் எண்ணவேண்டாம். கோவாவில் பிறந்த யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். கத்தோலிக்கக் குருமாருக்கு ஒல்லாந்தர் தடை போட்டிருந்த காலம். கூட வந்தவர் யோவான் என்ற பணியாள் ஒருவர்தான். 1692இல் கண்டிக்கு வந்தபோது, போர்த்துக்கேய ஒற்றன் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். சிறையிலேயே பூசைக்கு இடம் அமைத்துக்கொண்டார்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசனும் அரண்மனையாரும் நகரை விட்டுப் போனார்கள். நோய் கண்டவர்களைச் சொந்தக்காரரே காட்டில் விட்டுவிட்டு ஓடினார்கள். வாஸ் அடிகளார் வைத்தியம் படித்தவர் அல்லர். அவரும் உறவினரான கார்வால்யோ அடிகளாரும் அந்தக் காட்டுக்குப் போய், குடிசை போட்டு, கஞ்சி ஊட்டி, புண் கழுவி, இறந்தவர்களைத் தங்கள் கையாலேயே புதைத்தார்கள். மதம் கேட்டுப் பராமரிக்கவில்லை. 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே வாஸ் அடிகளாரின் உயிர் பிரிந்தது. 2015இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

படிக்காமல் கிளம்புங்கள் என்று சொல்கிறேன் என்று விரிவுரையாளர்கள் கோபிக்கக்கூடாது! வாஸ் அடிகளார் தமிழும் படித்தார், சிங்களமும் படித்தார். ஆனால் சனத்தோடு பழகிக்கொண்டே படித்தார். மனத்துணிவும் அப்படித்தான் வரும். காட்டுக்குள் போகுமுன் அவருக்கு அது முழுதாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

1963இல் தொடங்கிய இந்தப் பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் சிங்களவரும் தமிழரும் ஒன்றாய் இருந்து படிக்கிறீர்கள். மொழி வரவில்லை என்று சாக்குச் சொல்ல இந்நாட்டில் யாருக்கு உரிமை இருந்தாலும் உங்களுக்கு இல்லை.

கண்டி தேசிய வைத்தியசாலைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தோட்டத்திலிருந்து வந்த தமிழ்த் தாய் ஒருவர், தாதி சிங்களத்தில் சொல்வது விளங்காமல், மருந்துத் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நிற்பார். பக்கத்தில் போய், "என்னம்மா சொன்னாங்க, காட்டுங்க" என்று கேட்பதற்குத் தரிசனம் தேவையில்லை. உங்களுக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களமே போதும்.

எந்தச் சபைக்கு அனுப்புவார்கள் என்ற கடிதம் வரச் சில வாரம் ஆகலாம். அதுவரை வீட்டில் இருக்காதீர்கள். இந்த வாரமே அந்த வைத்தியசாலைக்குப் போங்கள்.