ஜானகிராமனின் கதைகளைக் காதால் கேட்பது



தி. ஜானகிராமன் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 'மோகமுள்'. அடுத்து 'அம்மா வந்தாள்', 'மரப்பசு'. ஆனால் 1979இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது எந்த நாவலுக்கும் அல்ல. 'சக்தி வைத்தியம்' என்ற சிறுகதைத் தொகுப்புக்கு. நாவல்களைச் சுற்றி எழுந்த சர்ச்சையில் கதைகளைப் பற்றிய பேச்சு அமுங்கிப்போனது. அவருடைய சிறுகதைகளின் முழுத் தொகுப்பைப் படித்து முடித்தபோது, இப்படி அமுங்கிப்போனதே என்ற வருத்தம் எனக்குக் கூடித்தான் போயிற்று.

'பாயசம்' கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீடு. அண்ணன் மகன் சுப்பராயனின் செல்வாக்கைப் பார்த்துப் பார்த்துப் புழுங்குகிறார் சாமநாது. செத்துப்போன மனைவி வாலாம்பாளின் குரல் அவரை விடாமல் இடித்துக் காட்டிக்கொண்டே இருக்கிறது. கடைசியில், பந்திக்குப் போகவேண்டிய பாயசத்தைத் தவலையோடு கவிழ்த்துவிட்டு, அதில் ஏதோ விழுந்து கிடந்ததாகப் பொய் சொல்கிறார். இவ்வளவுதான் கதை. அந்தக் கிழவரை ஜானகிராமன் ஓரிடத்திலும் திட்டவில்லை. அவருடைய மூச்சிரைப்புக்குப் பக்கத்தில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார். பொறாமை என்பது எவ்வளவு தனிமையான நோய் என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான்.

அழகில் மயங்கி நின்றுவிடுகிறார், நெகிழவைத்தே காரியத்தை முடித்துவிடுகிறார் என்பது விமர்சகர்கள் அவர்மேல் சொல்லும் குறை. சில கதைகளில் அது உண்மைதான். 'சிலிர்ப்பு' கதையில், கல்கத்தாவுக்கு வீட்டுவேலைக்குப் போகிற சின்னப் பெண்ணுக்கு ரயிலில் ஒரு சிறுவன் தன் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுக்கிறான். கொஞ்சம் பிசகினாலும் வெறும் கண்ணீராகிவிடக்கூடிய இடம். பழம் கைமாறும் அந்த நொடியை அவர் ஊதிப் பெரிதாக்கவில்லை. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் அது நிற்கிறது. இந்த அடக்கத்துக்கு விமர்சனம் இன்னும் உரிய மதிப்புத் தரவில்லை என்பது என் எண்ணம்.

இந்தக் கதைகளைக் கண்ணால் படித்தால் மட்டும் போதாது, காதாலும் கேட்க வேண்டும். ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்தவர்; பிறகு அகில இந்திய வானொலியில் கல்வி ஒலிபரப்பில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். சங்கீதம் கற்றவர். அவர் பாத்திரங்கள் பேசும்போது தஞ்சாவூர்ப் பேச்சின் இழுப்பும் நிறுத்தமும் அப்படியே கேட்கும். யார் பேசினார் என்று தனியாகச் சொல்லவே வேண்டாம், குரலே சொல்லிவிடும்.

இன்று இரவு வீட்டில் யாரையாவது 'பாயசம்' கதையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாலாம்பாள் பேசும் இடம் வரும்போது படிக்கிறவரின் குரல் தானாகவே மாறும்.