தந்தையின் பெயரும் மைந்தனின் உழைப்பும்

தந்தை தேடிய பொருளை மைந்தன் இருந்த இடத்திலிருந்தே பெற்றுவிடலாம். தந்தை தேடிய புகழோ வாயிலை மட்டுமே திறந்துவிடும். உள்ளே நடக்க வேண்டியவன் மைந்தனே. எடி கெரேரோ என்னும் மல்லரின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் தென்னெல்லையில், மெக்சிக்கோவைத் தொட்டு நிற்கும் எல் பாசோ நகரில் 1967 ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் கோரி கெரேரோ, வெள்ளி முகமூடி அணிந்த எல் சாந்தோ என்னும் மாமல்லருடன் சோடி சேர்ந்து மெக்சிக்கோவிற் பெரும்புகழ் ஈட்டியவர். எதிரியைத் தம் முதுகின்மேல் ஏற்றி வளைக்கும் பிடியொன்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அவர் எல் பாசோவிற் போட்டிகள் நடத்திய காலத்தில், இடைவேளைகளிற் சிறுவன் எடியும் தமையன் மகனும் மேடையேறிப் பொருதுவர். அதுவே எடியின் முதற் பள்ளி.

நேயர்களே, தொழின்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்விகள் முன்னரே வகுக்கப்படுவன. ஆயினும் வீழ்ச்சி மெய்யானது, நோவும் மெய்யானது. பயிற்சியில்லாதவன் அங்கு நிலைக்க முடியாது.

1987 இல் எடி மெக்சிக்கோவில் அரங்கேறினார். கெரேரோ என்ற பெயரை அங்கு யாவரும் அறிவர். ஆனால் 1993 முதல் யப்பானிற் பொருதியபோது, ஆங்கிலேய மல்லரொருவர் முன்னர் தரித்திருந்த 'கரும்புலி' முகமூடியை அவர் அணிந்தார். அங்கே தந்தையின் பெயர் இல்லை. தம் முகமும் இல்லை. கற்ற வித்தை ஒன்றே துணை. 1996 இல் அந்நாட்டின் இளநிறை மல்லருக்கான பெருந்தொடரில் அவரே முதல்வரானார்.

இதனிடையே, 1994 நவம்பர் 6 ஆந் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவர் எல் சாந்தோவின் மைந்தரையே எதிர்த்து நின்றார். தந்தையரின் நட்பை அறிந்திருந்த மக்களுக்கு மைந்தரின் பகை பெருநாடகமாயிற்று. பந்தயப்படி, தோற்ற எடி தலைமயிரை இழந்தார்.

பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் பெரிய அரங்குகள் அவரை அழைத்தன. ஆனால் 1999 ஆம் ஆண்டின் முதல் நாளில் நேர்ந்த மோட்டார் விபத்தில் அவர் படுகாயமுற்றார். மதுவும் நோவாற்றும் மருந்துகளும் அவரைப் பற்றிக்கொண்டன. 2001 இல் வேலை பறிபோயிற்று. எந்தத் தந்தையின் பெயரும் இப்பிடியிலிருந்து ஒருவரை விடுவிக்காது. எடி மதுவைத் துறந்தார். சிறிய மேடைகளில் மீண்டும் தொடங்கினார். 2004 பெப்ரவரி 15 ஆந் திகதி, சான் பிரான்சிஸ்கோவை அடுத்த அரங்கொன்றில், தம்மினும் மிகப் பெரிய உடலினரான புரொக் லெஸ்னரை வென்று, அந்நாட்டின் தலைசிறந்த மல்யுத்த நிறுவனத்தின் வாகைப் பட்டத்தைப் பெற்றார். முன்னரே வகுத்த வெற்றியாயினும், அதனை ஒருவருக்கு அளிப்பது அவர்மீது வைக்கும் நம்பிக்கையன்றோ? இழந்த நம்பிக்கையை மீட்டதே அவரது மெய்யான வெற்றி.

1990 இல் மறைந்த தந்தையார் அதனைக் காணவில்லை. எடியும் நெடுநாள் வாழ்ந்தாரல்லர். 2005 நவம்பர் 13 ஆந் திகதி, முப்பத்தெட்டாம் வயதில், இதய நோய் அவரைக் கொண்டுசென்றது. தந்தை அவருக்குப் பெயரையும் பிடியையும் தந்தார். விழுந்த இடத்திலிருந்து எழுந்தது அவர் தாமே தேடிக்கொண்ட செல்வம்.