சிறுநகர நூலகச் சீரமைப்பும் மக்கள் பங்கும்

(நூலகப் பயிற்சி மாணவர்களும் உள்ளாட்சி அலுவலர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரை)



சிறு நகரமொன்றின் நூலகத்தைச் சீரமைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன், நம் அலுவலகங்களில் கேட்கப்படும் முதல் வினா "மதிப்பீடு எவ்வளவு?" என்பதாகும். இரண்டாவது வினா "ஊராரிடம் எவ்வளவு திரட்டலாம்?" என்பது. இவ்விரண்டுக்கும் முன்னே கேட்கவேண்டிய ஒன்றை நாம் கேட்பதே இல்லை. இந்த நூலகத்துக்கு இன்று யார் வருகிறார்கள், யார் அதன் படியேறாமல் போகிறார்கள் என்பதே அது. மக்கள் ஆதரவு என்பதை நன்கொடைப் பட்டியலாகச் சுருக்கிவிட்டோம். எனது வருத்தம் இதில்தான் தொடங்குகிறது.

பல ஆண்டுகளுக்கு முன் நான் நன்கறிந்த ஊர் ஒன்றில் நடந்ததைக் கூறுகிறேன். ஊரின் பெயர் வேண்டாம். ஓட்டுக் கட்டடம், மழைக்காலத்தில் ஒழுகும், அலமாரிகளைக் கரையான் அரித்திருந்தது. வணிகர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். அரசும் கொடுத்தது. நான்கு மாதங்களில் முடிப்பதாகச் சொல்லி நூலகத்தைப் பூட்டினோம். மீண்டும் திறக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. புத்தகங்கள் அதுவரை சாக்குகளில் கட்டப்பட்டு ஒரு கிடங்கில் கிடந்தன. திறப்பு விழாவன்று கூடம் பளபளத்தது. மறுநாள் காலை வந்தவர்கள் ஒன்பது பேர். நாள்தோறும் செய்தித்தாள் படிக்க வந்துகொண்டிருந்த முதியவர்கள் தேநீர்க்கடைப் பலகைக்குப் பழகிவிட்டிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். பணத்தைச் சேர்த்தோம், வாசகரை இழந்தோம். அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இன்று இதை உங்கள்முன் சொல்கிறேன்.

கட்டடம் இல்லாமலும் நூலகம் நடக்கும் என்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் புத்தகங்கள் ஊர் ஊராகச் சென்றன. 1935-இல் ஆந்திரத்தின் கிருஷ்ணா கால்வாயில் படகு நூலகம் ஓடியது. அவ்வாறிருக்க, சுவருக்கு வெள்ளையடிக்கும் காலத்தில் ஒரு பள்ளியறையையோ சத்திரத்துத் திண்ணையையோ கேட்டுப் பெற்று, நாளிதழ்களையும் ஐந்நூறு புத்தகங்களையும் அங்கே வைக்க நம்மால் இயலாதா? ஊராரிடம் முதலில் கேட்கவேண்டிய நன்கொடை இந்த இடந்தான். ரூபாயைப் பிறகு கேட்கலாம்.

மக்கள் பங்கைத் திட்டத்தின் உறுப்பாகவே ஆக்கிய முன்மாதிரி பரோடா சமஸ்தானம். மூன்றாம் சாயாஜிராவ் மன்னர் 1910-இல் அமெரிக்காவிலிருந்து வில்லியம் போர்டன் என்ற நூலக வல்லுநரை வரவழைத்துத் தனித் துறையையே அமைத்தார். அங்கு ஊர் நூலகத்துக்கு வகுக்கப்பட்ட விதி எளியது. செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால், மாவட்ட வாரியம் ஒரு பங்கும் அரசு ஒரு பங்கும் தரும். இந்த ஏற்பாட்டின் நுட்பம் தொகையில் இல்லை. முதல் அடியை ஊரார் எடுத்து வைக்கவேண்டும்; எடுத்து வைத்துவிட்டால் அரசு பின்வாங்க முடியாது. இரு தரப்பையும் கட்டிப்போட்ட விதி அது. 1972-இல் கல்கத்தாவில் நிறுவப்பட்ட ராஜாராம் மோகன்ராய் நூலக அறக்கட்டளை, மாநில அரசுகளுடன் இணைந்து ஈட்டு மானியம் வழங்குவதிலும் இதே கருத்தின் சாயலைக் காணலாம். ஆனால் இதில் ஈடு கொடுப்பது மாநில அரசு, ஊர் அன்று. அதனால் ஊராருக்கு அந்தக் கணக்கே தெரிவதில்லை.

ஆந்திரத்தின் வேட்டபாலத்தை நீங்கள் ஒருமுறை சென்று காணவேண்டும். நெசவாளர் மிகுந்த ஊர். முன்பு பிரகாசம் மாவட்டத்திலும் 2022 முதல் பாபட்லா மாவட்டத்திலும் உள்ளது. அங்குள்ள சாரஸ்வத நிகேதனம் 1918-இல் ஊராரால் தொடங்கப்பட்டது. 1929-இல் அதன் கட்டடத்துக்குக் காந்தியடிகள் அடிக்கல் நாட்டினார். நூறாண்டு கடந்தும் அது நிற்பதற்கு அடிக்கல் மட்டும் காரணமாகாது. பழைய தெலுங்கு இதழ்களின் தொகுதிகளைத் தேடி ஆய்வாளர்கள் வந்துகொண்டேயிருக்கிறார்கள். ஊரும் அதனைத் தன் உடைமையாகக் கருதிக் காத்து வருகிறது. கேரளத்தில் 1945-இல் பி. என். பணிக்கர் நாற்பத்தேழு நூலகங்களை ஒருங்கே கூட்டிச் சங்கம் அமைத்தபோதும், அவர் தேடிச் சென்றது உறுப்பினர்களையே. கட்டடங்கள் பின்னால் வந்தன.

இங்கே ஒரு தடை எழும், எழுவது நியாயமே. மக்கள் ஏற்கெனவே நூலக வரி செலுத்துகிறார்கள், அவர்களிடம் மீண்டும் கையேந்தலாமா? 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாவது. அதைப் பின்பற்றி ஆந்திரம், கர்நாடகம், கேரளம் ஆகியவையும் சொத்து வரியோடு நூலக வரியைச் சேர்த்தன. மகாராஷ்டிரச் சட்டமோ 1967-இல் வரியின்றி வந்தது. அங்கே மக்கள் அமைப்புகள் நடத்தும் நூலகங்களைத் தரம் பிரித்து அரசு மானியம் தருகிறது. வரி உள்ள மாநிலங்களில், வசூலான தொகையை உள்ளாட்சி மன்றம் நூலகத்துக்குச் செலுத்தாமல் நிலுவை வைப்பது பழங்கதை. உள்ளாட்சி அலுவலர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நிலுவையை வைத்துக்கொண்டு நன்கொடைப் புத்தகத்தை நீட்டுவது முறையன்று. கூரை, சுவர், மின்னிணைப்பு, கழிப்பறை ஆகியவை வரிப்பணத்தின் கடமை. நன்கொடை அதற்கு மேற்பட்டவற்றுக்கு: குழந்தைகளுக்கான தாழ்ந்த மேசைகள், பார்வையற்றோருக்கான ஒலிநூல்கள், உள்ளூர் வரலாற்றுத் தொகுப்பு போன்றவற்றுக்கு.

இடத்தையே நன்கொடையாகத் தருவோரும் உண்டு. பழைய வீட்டின் மாடியைத் தருகிறேன் என்பார்கள். நன்றி கூறுங்கள், ஆனால் பொறியாளர் பார்க்கும்வரை புத்தகத்தை ஏற்றாதீர்கள். குடியிருப்பு அறையின் தளத்துக்கு நமது இந்தியத் தர விதிகள் கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ. புத்தக அடுக்கறைக்கோ சுமார் 600 கிலோ, அடுக்கு 2.2 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் இன்னும் கூடும். அடுக்குகளைத் தரைத்தளத்திலும் மேசை நாற்காலிகளை மாடியிலும் வைக்கலாமென்றால், படியேற முடியாத முதியவர் எங்கே அமர்வார்? நாளிதழ்ப் பகுதியையேனும் கீழே விடுங்கள். வாயிலில் சாய்தளம் இல்லாத சீரமைப்பை நான் சீரமைப்பென்றே ஒப்புக்கொள்வதில்லை.

புத்தக நன்கொடை இன்னும் சங்கடமானது. வீடு மாற்றுகிறவர்கள் பழைய பாடநூல்களை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். மறுத்தால் மனத்தாங்கல். "தேர்வு செய்தபின் எஞ்சியவை திருப்பித் தரப்படும்" என்ற ஒரு வரியை முதல்நாளே வாயிலில் எழுதி வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

இன்று நூலகங்களை நிறைப்பவர்கள் போட்டித் தேர்வு எழுதும் இளைஞர்கள். காலையில் வந்து இடம்பிடித்து, சொந்தப் புத்தகத்தைப் படித்து, இரவில் செல்கிறார்கள். வீட்டில் இடமில்லாத பிள்ளைகள். அவர்களை விரட்ட எனக்கு மனம் வராது. எனினும் சீரமைத்த கூடம் முழுவதும் அவர்களுக்கே போய்விட்டால், கதை நூல் தேடி வரும் பெண்ணும் சிறுவனும் வாயிலோடு திரும்புவர். யாருக்கு எத்தனை நாற்காலி என்பதை வரைபடம் போடும்போதே தீர்மானித்தாக வேண்டும். அதைத் தீர்மானிக்கும் கூட்டத்துக்கு நன்கொடையாளரை மட்டும் அழைப்பது வழக்கமாகிவிட்டது. நான் பின்னர் பணியாற்றிய மற்றோர் ஊரில் தேர்வு மாணவர் இருவர், இல்லத்தரசியர் இருவர், நாளிதழ் வாசகர் ஒருவர், பள்ளிச் சிறுமி ஒருத்தி ஆகியோரையும் அமர்த்தினோம். இரண்டு மணி நேரம் வாக்குவாதம். இறுதியில் பின்கட்டில் கிடந்த சைக்கிள் கொட்டகைக்குச் சுவர் எழுப்பித் தேர்வு மாணவருக்கு ஒதுக்கினோம். சிறுமி கேட்டது ஒன்றுதான்: மாலை ஏழு மணி வரை நூலகம் திறந்திருக்க வேண்டும், தெருவிளக்கும் எரியவேண்டும். மதிப்பீட்டில் அந்த விளக்கு இல்லை. அதற்கான தொகையைக் கொட்டகை மாணவர்களே திரட்டித் தந்தார்கள்.