புகைக்குழாயும் உத்தரவாதமும்

தவணையில் வாங்கிய காடி நமக்குப் பல ஆண்டு உழைப்பு. "வேகம் கூடும்" என்று யாரோ சொல்ல, புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிடுகிறோம். நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடைக் குறைப்பது அந்தப் பெட்டிதான்.

கழற்றினால் உத்தரவாதம் முழுவதும் போய்விடுமா? மாற்றியமைத்ததால் விளையும் பழுதுக்கு உத்தரவாதம் இல்லை என்றே பல உத்தரவாதப் புத்தகங்கள் கூறுகின்றன. ஆகவே, என்ஜின் பழுதானால் செலவு நம் தலையில் விழலாம். ஆனால், கதவுப் பூட்டு பழுதானதற்கும் புகைக்குழாயைக் காட்டி மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்போம். தீராவிட்டால், மலேசியாவில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளிவரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

காடியில் கைவைக்குமுன் உத்தரவாதப் புத்தகத்தைப் பிரித்துப் படிப்போம்.