அந்தக் கைகளுக்கு ஒரு வாளித் தண்ணீர்

(ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



நம் தோல் சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஜெபிப்பதற்காக அவர் கையைப் பிடிக்கப் போனேன். "தொடாதீங்க ஐயா, எரியுது" என்று இழுத்துக்கொண்டார். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. புறங்கையில் நீர் வடியும் புண். பன்னிரண்டு வருடமாகச் சித்தாள் வேலை. "தொத்திக்கும்னு வீட்டுல சோத்துப் பானையைத் தொட விடமாட்டேங்கறாங்க" என்றார்.

அது தொற்றுநோய் அல்ல, சிமெண்டினால் வந்தது. ஈரச் சிமெண்டுக்குக் காரத்தன்மை மிக அதிகம். அதன் பி.எச். அளவு 12-க்கும் மேல். கலவை தோலில் தங்கினால் அரித்துவிடும். முதலில் வலி தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் புண் தெரியும். இன்னொன்று, சிமெண்டில் சிறிதளவு கலந்திருக்கும் குரோமியம். நாள்பட அது சிலருக்கு ஒவ்வாமையைக் கொடுக்கிறது. ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் விடாது. குரோமியத்தால் பதனிட்ட தோல் செருப்புகூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

களிம்பு தடவினால் புண் ஆறும். வேலைக்குப் போனால் திரும்ப வரும். "சிமெண்டைத் தொடாதே என்கிறார் டாக்டர். எனக்கு வேற என்ன வேலை தெரியும் ஐயா?" என்று அந்த அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆனால், இது தடுக்கக்கூடிய நோய். டென்மார்க் நாட்டில் 1983-லேயே சிமெண்டில் கரையும் குரோமியத்துக்குச் சட்டம் வரம்பு விதித்தது. சிமெண்டில் இரும்பு சல்பேட் சேர்த்தார்கள், ஒவ்வாமை குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு என்று அந்த வரம்பை வைத்திருக்கிறது.

சட்டம் பெரியவர்கள் காரியம். நம்மால் ஆவதும் உண்டு. உங்களில் பலர் வீடு கட்டுகிறீர்கள். சபைகள் ஆலயம் கட்டுகின்றன. கூலி பேசும்போதே இதையும் பேசுங்கள். ஆளுக்கொரு ஜோடி நீண்ட ரப்பர் கையுறை வேண்டும். துணிக் கையுறை ஈரத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும். கையைக் கழுவித் துடைத்த பிறகே கையுறை போட வேண்டும். கலவையில் நிற்பவருக்கு ரப்பர் பூட்ஸ் வேண்டும். கரண்டி கழுவிய தொட்டியில் கை கழுவ விடாதீர்கள். அதிலும் சிமெண்ட் கரைந்திருக்கிறது. தனியாக ஒரு வாளி நல்ல தண்ணீரும் ஒரு சோப்பும் வையுங்கள். கலவை பட்ட உடுப்பை உடனே மாற்றச் சொல்லுங்கள். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டாம். வேலை முடிந்ததும் கை கழுவி, ஈரம் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவினால் வெடிப்பு குறையும்.

நீங்கள் அனுப்பும் காணிக்கை இங்கே களிம்பாகிறது, அதற்கு நன்றி. உங்கள் கட்டட வாசலில் வைக்கும் ஒரு வாளித் தண்ணீர், அந்தக் களிம்பே தேவைப்படாதபடி ஒருவரைக் காக்கக்கூடும். அதையும் காணிக்கையாக எண்ணிச் செய்யுங்கள்.